உயிருள்ள துறை

அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புத்தகத்தில் உயிர் என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறை இருந்தது. பதிவு செய்த மாணவர் ஒருவராவது இருந்தால் அது உயிருள்ள துறை. ஒருவரும் இல்லையென்றால் உயிரற்ற துறை. உயிரற்ற துறையின் அறை பக்கத்துத் துறைக்குப் போகும். நாற்காலிகள் கிடங்குக்குப் போகும். ஆசிரியர் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வீட்டுக்கு என்று புத்தகத்தில் இல்லை.

ஜெர்மன் துறையில் ஆசிரியர் ஒருவர்தான். அவர் கடல் கடந்து வந்தவர்; ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்தவர் அல்ல. ஜெர்மனியை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சொந்த நாட்டில் ஜெர்மன் படித்துப் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நாளிதழில் விளம்பரம் பார்த்து, புது மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தார். தனக்குச் சொந்தமில்லாத மொழியை, தனக்குச் சொந்தமில்லாத நாட்டில், தலைமுடி கறுத்திருந்த நாளிலிருந்து வெளுக்கும்வரை கற்றுக்கொடுத்தார். வளாகத்தில் அவரை ‘ஜெர்மன்காரர்’ என்றார்கள். முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு, ஏதோ ஒரு நாட்டுக்காரராக இருந்துவிட்டுப் போவோமே என்று விட்டுவிட்டார்.

வேலை இருக்கும்வரைதான் அவருக்கு அந்த நாட்டில் குடியிருக்க அனுமதி. பணியிலிருந்தபடியே ஓய்வு பெற்றுவிட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். ஓய்வுக்கு இந்தக் கல்வியாண்டும் அடுத்த கல்வியாண்டும் மிச்சமிருந்தன. அப்போதுதான் துறையின் கடைசி மாணவன், இந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஜெர்மனிக்குக் கூட்டிப்போக மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, கணக்கியல் துறைக்கு மாறிப் போனான்.

பதிவாளர் பேராசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். வளாகத்தில் பதிவாளருக்கு ‘சுற்றறிக்கை’ என்று பெயர். காலை வணக்கத்தைக்கூட எழுத்தில் கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்வார் என்பார்கள்.

“சார், தனிப்பட்ட முறையில உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை,” என்றார் பதிவாளர். “ஆனா இது தனிப்பட்ட விஷயம் இல்லை. அதனால மரியாதைக்கு இதுல இடமில்லாமப் போச்சு.”

“எவ்வளவு நாள் இருக்கு?”

“மாதக் கடைசி வரைக்கும் துறை மூச்சு விடலாம். அதுக்குள்ள ஒரு மாணவர் வந்தா சரி. இல்லைன்னா குடியேற்ற அலுவலகத்துக்கு நாங்களே தகவல் சொல்லிடுவோம். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு வெங்காயம் பொறுப்பேற்றுக்கொண்டது.

“ஒரு ஆள்தானே வேணும்? நான் சேர்றேன்.”

“விளையாடாத.”

“ஏன், நான் பள்ளிக்கூடம் முடிச்சவதானே? வயசு இவ்வளவுக்குள்ள இருக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கா?”

“போடலை. இப்படி ஒருத்தி கிளம்பி வருவான்னு எவன் நெனச்சான்?”

“அப்ப நல்லதாப் போச்சு. நீங்க ஓய்வு பெறுற வரைக்கும் நான் படிக்கிறேன். ஃபெயிலாக்கிடாதீங்க.”

“உன் உடம்புக்கு இதெல்லாம் ஆகுமா?”

அவளுக்கு இதயத்தில் கோளாறு. பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறை போனால் அந்த மருத்துவமும் போகும்.

“உட்கார்ந்து படிக்கிறதுக்கு என்ன உடம்பு வேணும்?” என்றாள்.

சேர்க்கைக் குழு அவளை நேர்காணலுக்கு அழைத்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து அவளைக் கேள்வி கேட்பது, பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

“ஏன் ஜெர்மன் படிக்க விரும்புறீங்க?”

“இவர் தூக்கத்துல ஜெர்மன் பேசுறாருங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசுறார். என்ன பேசுறார்னு தெரிஞ்சுக்கணும்.”

குழு தங்களுக்குள் கலந்து பேசி, ‘ஆய்வு நோக்கம் தெளிவாக உள்ளது’ என்று குறித்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்ட பிறகுதான் பதிவாளருக்குத் தூக்கம் போனது. கணவன் ஆசிரியர், மனைவி மாணவி. மதிப்பெண் நேர்மையாக இருக்குமா? மூன்று கூட்டங்களுக்குப் பின் சுற்றறிக்கை வந்தது: ‘வகுப்பு நேரத்தில் மேற்படி இருவருக்கிடையிலான கணவன் மனைவி உறவு நிறுத்திவைக்கப்படுகிறது. வகுப்பு முடிந்ததும் அது தானாகவே நடைமுறைக்கு வரும்.’ மாணவி ஆசிரியருக்குச் சாப்பாடு கொண்டுவருவது கையூட்டாகக் கருதப்படும் என்றும் அதில் இருந்தது. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுப் பெட்டியை வராந்தா ஜன்னலில் வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள். வகுப்பு முடிந்ததும் அவர் வராந்தாவுக்குப் போய், யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டியைக் கண்டெடுத்துச் சாப்பிட்டார்.

முதல் நாள் வகுப்பு. மூன்றாம் மாடியில், நாற்பது நாற்காலிகள் போட்ட அறை. முதல் வரிசை ஜன்னலோர நாற்காலியில் அவள் புதுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் வருகைப் பதிவை எடுத்து, அவளுடைய பெயரை அவள் அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாக வாசித்தார். வீட்டில் “என்னம்மா”, “இங்க பாரு” என்பதற்கு மேல் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்கக் கூடாது. பேர் கூப்பிட்டா ‘ஹியர்’னு சொல்லணும்.”

“அப்படின்னா?”

“இங்கேன்னு அர்த்தம். இங்கதான் இருக்கேன்னு.”

“இது இங்கிலீஷ் மாதிரியே இருக்கே. இதுக்கா இத்தனை வருஷம் சம்பளம் வாங்குனீங்க, சார்?”

“போகப் போகத் தெரியும்.”

“ஹியர்,” என்றாள் அவள், கையைத் தூக்கிக்கொண்டு.

அவள் கெட்டிக்காரியாக இருந்தாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சமையலறைச் சுவரில் வினைச்சொற்களை எழுதி ஒட்டினாள். பாத்திரம் தேய்க்கும்போது வாய்விட்டுச் சொன்னாள். பாடப் புத்தகம் பழசு. அதில் ஒரு குடும்பம் ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மழை பெய்யும், பயணச்சீட்டு வாங்குவார்கள், கடைசிப் பாடம்வரை ரயில் வராது. “இவங்க எந்த ஊருக்குத்தான் போறாங்க?” என்று கேட்டாள். இத்தனை காலம் பாடம் நடத்தியும் அவர் அதை யோசித்ததில்லை.

ஆண்டின் நடுவில் பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீடு வந்தது. எல்லாத் துறைகளின் விழுக்காடுகளையும் ஒரே பலகையில் எழுதிப் பார்த்த துணைவேந்தர் எழுந்து நின்றுவிட்டார். ஜெர்மன் துறையில் வருகை நூறு விழுக்காடு. மாணவர்களில் பெண்கள் நூறு விழுக்காடு. வெளிநாட்டவர் நூறு விழுக்காடு. முதுவயதினர் நூறு விழுக்காடு. பாதியில் விலகியவர் யாருமில்லை. வேறெந்தத் துறையும் ஒரு பத்தியில்கூட நூறைத் தொடவில்லை.

துறைக்கு விழா எடுத்தார்கள். விளக்கக் கையேட்டுக்காகப் புகைப்படக்காரர் வந்து, அவளை நான்கு நாற்காலிகளில் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஒன்றில் கண்ணாடி போட்டிருந்தாள், ஒன்றில் கழற்றியிருந்தாள், ஒன்றில் முதுகைக் காட்டினாள். கையேட்டில் அது ஒரு கலகலப்பான வகுப்பாக வந்திருந்தது.

துணைவேந்தர் பேசினார்: “ஜெர்மன் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தை என்னால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் முயன்று பார்த்தேன். இந்தத் துறையை மூடும் கோப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பு காணாமல் போனது நம் நிர்வாகத்தின் தொலைநோக்கைக் காட்டுகிறது. இங்கே வந்த அந்நியர் எவரையும் நாம் அந்நியராக நடத்தியதில்லை. நம் ஜெர்மன்காரரையே பாருங்கள். இவ்வளவு காலமாகியும் அவருக்கு நாம் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பித்துத் தந்துகொண்டுதான் இருக்கிறோம்.”

கைதட்டல் அடங்கியபோது மனைவி பேராசிரியரின் காதருகே, “இவரு என்ன மொழியில பேசுறாரு? எனக்கு ஒண்ணும் புரியலையே,” என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மாடி ஏறுவது சிரமமாகிவிட்டது. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அது விருந்தினருக்கு. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி பேராசிரியர் எழுதிக் கேட்டார். தரைத்தள அறைகள் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள துறைகளுக்கே என்று பதில் வந்தது. அப்படியானால் மாணவியை லிஃப்டில் அனுமதிக்கலாமா என்று கேட்டார். அவர் மாணவியாகப் பதிவு செய்துவிட்டதால் விருந்தினராகக் கருத வழியில்லை என்று பதில் வந்தது. வீட்டிலேயே பாடம் நடத்தலாமா என்று கேட்டார். வீட்டில் உறவு நடைமுறையில் இருப்பதால் அது வகுப்பாகாது என்று பதில் வந்தது.

அவள் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, வினைச்சொல் ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு அவள் படிப்பதாகத் தோன்றும். மூச்சு வாங்குகிறது என்று தெரியாது. முதல் மாடி ஆங்கிலத் துறை மாணவர்கள் அதைப் பார்த்து, “ஜெர்மன் கத்துக்கிறதுன்னா இவ்வளவு கஷ்டமா!” என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வகுப்பில் அவள் சொன்னாள்: “சார், கண்டுபிடிச்சுட்டேன்.”

“எதை?”

“நீங்க தூக்கத்துல சொல்றதை. எப்பவும் அதையேதான் சொல்றீங்க. நேத்துதான் முழுசாப் புரிஞ்சுது.”

“என்ன சொல்றேன்?”

“வகுப்பு நேரத்துல வீட்டு விஷயம் பேசக் கூடாது. சுற்றறிக்கை பார்க்கலையா?”

“சரி, வீட்டுல சொல்லு.”

“வீட்டுல சொன்னா மதிப்பெண் கிடைக்காதே. தேர்வுல சொல்றேன்.”

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. கீழே இறக்கிக் கொண்டுபோக லிஃப்டைத் திறந்தார்கள். நோயாளி விருந்தினரா மாணவியா என்று அந்த நேரத்தில் கேட்க ஆளில்லை.

மருத்துவர், வால்வு ஒன்று ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டது என்றார். அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடம்பு இல்லை. பேசவைக்காதீர்கள் என்றார்.

பல்கலைக்கழகம் உடனே அக்கறை காட்டியது. ஜெர்மன் துறையின் வருகை நூறிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு விழுந்ததைத் துறை நலக் குழு கவலையோடு ஆராய்ந்தது. பூங்கொத்து ஒன்று வந்தது. அட்டையில், ‘துறை விரைவில் நலம் பெற வாழ்த்துகள்’ என்று இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டாள். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். கையில் ஒரு குழந்தை.

மருத்துவமனைக்கு வந்த பதிவாளர் நிலைமையை விளக்கினார். ஆண்டிறுதி வாய்மொழித் தேர்வில் தேறினால் மாணவி இரண்டாம் ஆண்டுக்குப் போவார். துறை அடுத்த ஆண்டு முழுவதும் உயிரோடிருக்கும். பேராசிரியர் பணியிலேயே ஓய்வு பெறலாம். தேறாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

“அவளால பேச முடியாது சார்,” என்றார் பேராசிரியர். “எழுத்துத் தேர்வா வைக்கக் கூடாதா?”

“வாய்மொழித் தேர்வுக்கு வாய் கட்டாயம் சார். நான் எழுதின சட்டமா?”

“சட்டத்தை எழுதினது யார்?”

பதிவாளர் கொஞ்சம் யோசித்தார். “நான்தான். ஆனா அப்ப வேற பதவியில இருந்தேன்.”

அவர் போன பிறகு பேராசிரியர் கட்டிலருகே உட்கார்ந்தார். “விட்டுடும்மா. துறை போனாப் போகட்டும்.”

“ஆமாம்மா, போதும்,” என்றாள் மகள். “எதுக்கு இந்தக் கூத்து?”

மனைவி மகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “அப்புறம் உங்கப்பாவை அந்த ஊருக்குத் தனியா அனுப்பவா? அங்க யாருடி இருக்கா? எங்க காலத்துப் பால்காரன்கூட இப்ப இருக்க மாட்டான். இவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. வெந்நீர் வைக்கத் தெரியாது. ஜெர்மன் மட்டும் தெரியும். அங்க எவன்கிட்டப் பேசுவாரு?”

“அம்மா.”

“நீ போய்ப் புத்தகத்தைக் கொண்டா. அந்த ரயில் பாடம்.”

தேர்வுக் குழு மருத்துவமனைக்கே வந்தது. பதிவாளர், புலத் தலைவர், வெளித் தேர்வாளர் என்று மூன்று பேர். ஜெர்மன் தெரிந்த வெளித் தேர்வாளர் கிடைக்காததால் சுற்றுலாத் துறைப் பேராசிரியரை அழைத்திருந்தார்கள். அவர் ஒரு முறை ஜெர்மனி விமான நிலையத்தில் விமானம் மாறியவர். பேராசிரியர் உறவினர் என்பதால் கட்டிலைச் சுற்றிய திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். உள்ளே கேட்கும்படி இருமக் கூடாது என்று சொன்னார்கள். அது சைகையாகக் கருதப்படலாம்.

பதிவாளர் அவள் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தார்.

“ஹியர்,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவள் பாடத்தைச் சொல்லத் தொடங்கினாள். குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பியது. மழை பெய்தது. சீட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஆக்ஸிஜன் குழாயின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. திரைக்கு வெளியே பேராசிரியர் அடுத்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். அவளும் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தாள், ஒவ்வொரு முறையும்.

“உச்சரிப்பு எப்படி?” என்று புலத் தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நடுவுல நிறைய மூச்சு வருது,” என்றார் வெளித் தேர்வாளர். “ஜெர்மன்ல அது சரிதானான்னு உறுதியாத் தெரியல.”

“கடைசியா, பாடத்துல இல்லாத ஒண்ணு, சொந்தமாச் சொல்லுங்கம்மா,” என்றார் பதிவாளர்.

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு அவள் இரண்டு வாக்கியம் சொன்னாள். குழுவை நோக்கிச் சொல்லவில்லை. திரைக்கு எட்டும்படி, குரலை உயர்த்திச் சொன்னாள்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார்கள். அவளுக்கு அதற்குமேல் பேச முடியவில்லை. வெளியே நிற்பவரைக் கேட்கலாமே என்றார் வெளித் தேர்வாளர். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்று பதிவாளர் நினைவூட்டினார். எனவே குறிப்பில், ‘சொந்த வாக்கியங்கள்: பேசப்பட்டன’ என்று எழுதிக்கொண்டார்கள்.

திரைக்கு வெளியே நின்றவருக்கு அர்த்தம் தெரிந்தது. ‘யாரும் எழுந்து போகாதீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது.’ இத்தனை வருடங்களாகத் தூக்கத்தில் அவர் சொல்லிவந்தது இதுதான். வகுப்பறையில் ஒருநாளும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கியலுக்குப் போனபோதுகூடச் சொன்னதில்லை. அவள் உச்சரிப்பில் ஒரு பிழை இருந்தது. அதை அவர் திருத்தவில்லை.

தேர்வு முடிவு ஒரு வாரம் நின்றது. மதிப்பெண் பட்டியலில் துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும்; துறைத் தலைவர் உறவினர்; உறவினர் கையெழுத்திடக் கூடாது. அதற்கொரு குழு கூடிக்கொண்டிருந்த காலையில் அவள் இறந்துபோனாள். மகள் தலைமாட்டில் இருந்தாள். பேராசிரியர் கீழே மருந்தகத்தில் வரிசையில் நின்றிருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் துணைவேந்தர் குரல் தழுதழுத்தது. “இந்த வளாகம் தனித்தனி மாணவர்களை இழந்திருக்கிறது. ஆனால் ஒரு துறையின் மொத்த மாணவர்களையும் ஒரே நாளில் இழந்தது இதுவே முதல் முறை. எந்த வசதியையும் எதிர்பார்க்காமல் மூன்றாம் மாடி ஏறி வந்தவர் அவர். அந்த வாய்ப்பை அவருக்கு வழங்கியது நாம்தான் என்பதில் நமக்கு ஆறுதல் இருக்கிறது. அவர் நினைவாக அந்தப் படிக்கட்டை அப்படியே வைத்திருக்க முடிவு செய்திருக்கிறோம்.”

மதிப்பெண் பட்டியலில் புலத் தலைவரே கையெழுத்திடலாம் என்று குழு தீர்த்துவிட்டது; இறந்த மாணவியைத் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்க முடியுமா என்ற கேள்வி எஞ்சியது. பதிவாளர் சட்டப் புத்தகத்தை முழுவதும் புரட்டினார். தேர்ச்சி பெறுவதற்கு மூன்று தகுதிகள் சொல்லப்பட்டிருந்தன. உயிரோடிருப்பது அவற்றில் இல்லை. பெயரை நீக்க வேண்டுமானால் மாணவியே நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும். அவர் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே அவர் இரண்டாம் ஆண்டு மாணவி. துறை உயிரோடிருக்கிறது.

“பார்த்தீங்களா சார்,” என்றார் பதிவாளர், பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு. “சட்டம் உங்களைக் கைவிடலை.”

அவர் உண்மையாகவே கண்கலங்கியிருந்தார்.

துறை உயிரோடு இருப்பதால் வகுப்பு நடந்தாக வேண்டும். பேராசிரியர் தினமும் மூன்றாம் மாடி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் நின்றார். வருகைப் பதிவை எடுத்து, பெயரை முழுதாக வாசித்தார். சட்டப்படி பதிலுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தார். பிறகு ‘வரவில்லை’ என்று குறித்தார். ரயில் பாடத்தை நடத்தினார். வராந்தா ஜன்னலில் எதுவும் இருக்காது என்று தெரிந்தும் வகுப்பு முடிந்ததும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மாதம் முடிந்ததும் வீட்டுக்கு எச்சரிக்கை வந்தது: ‘மாணவியின் வருகை கவலையளிக்கிறது. பாதுகாவலர் உரிய அறிவுரை கூறவும்.’

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் சில நாள் வந்து தங்கினாள். ஒரு காலையில் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சமையலறைச் சுவரில் வினைச்சொற்கள் அப்படியே ஒட்டியிருந்தன.

“ராத்திரி தூக்கத்துல பேசினீங்கப்பா.”

“அப்படியா. யாரும் போகாதீங்க, இன்னும் நேரம் இருக்குன்னு சொல்லியிருப்பேன். அம்மா கண்டுபிடிச்சு வெச்சிருந்தா.”

“எனக்கு ஜெர்மன் எங்க தெரியும்? ஆனா அவ்வளவு நீளமா இல்லப்பா. ஒரே ஒரு வார்த்தைதான். கொஞ்ச நேரம் விட்டு, கொஞ்ச நேரம் விட்டு, அதையே சொன்னீங்க.”

“எப்படி இருந்துச்சு?”

மகள் யோசித்துப் பார்த்து, “ஹியர்னு ஏதோ,” என்றாள். “கையைக்கூடத் தூக்கினீங்க.”

அவர் காபியைக் குடித்து முடித்தார். சட்டையின் மேல் பொத்தானை இரண்டு முறை முயன்று போட்டார். வருகைப் பதிவைப் பைக்குள் வைத்தார்.

“அப்படின்னா என்னப்பா?”

“பேர் கூப்பிட்டா சொல்றதும்மா,” என்றார். “இங்கதான் இருக்கேன்னு.”